முந்திரி வாயை மூடிய அன்று

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கடையின் மின்சார ரசீது அந்தப் பெயரில்தான் வருகிறது. ஆனால் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்துப் பாருங்கள், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று கையை விரிப்பார்கள். முந்திரி சலூன் எங்கே என்று கேட்டால் போதும், கூடவே வந்து நாற்காலியில் உட்கார்த்திவிட்டுத்தான் போவார்கள்.

முந்திரி என்றால் தின்கிற முந்திரி இல்லை, முந்திரிக்கொட்டை. பழத்துக்குள் அடங்கிக் கிடக்காமல் வெளியே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அதே சுபாவம். பிறந்ததே எட்டாம் மாதத்தில். பெண் கேட்டுப் போன வீட்டில், பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு "அப்போ..." என்று ஆரம்பித்ததுமே, "எனக்குப் பூரண சம்மதம்" என்று சொல்லிவிட்டார். பாவம், அந்த மனுஷர் கேட்க வந்தது, "அப்போ ஃபேனைப் போடட்டுமா?" என்று. ஒருமுறை பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஓய்வுபெறும் நாளில் அவருக்கே தெரியாமல் விழா எடுக்க வேண்டும் என்று மற்ற ஆசிரியர்கள் கமுக்கமாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள் தலைமையாசிரியர் முடிவெட்ட வந்தார். "நாளைக்கு விழாவுக்குக் கொஞ்சம் எடுப்பா வெட்டிவிடட்டுமா சார்?" என்று கேட்டார் நம்ம ஆள். அவ்வளவுதான், தீர்ந்தது விழா.

கெட்ட மனசு கிடையாது. பொறாமை, புறம்பேசுதல் எதுவும் கிடையாது. ஒரு சேதி காது வழியாக உள்ளே போனால் வாய் வழியாக வெளியே வந்தே ஆக வேண்டும். நடுவில் தங்குவதற்கு அவருக்குள் இடம் இல்லை. "உங்களுக்குப் பசிக்குதுன்னாக்கூட எனக்கு முன்னாடி தெருவுக்குத்தான் தெரியும்" என்பார் வீட்டுக்காரம்மா.

சலூனில் டிவி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, ஒரே ஒரு வாரம். கால்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது, வங்கி மேலாளர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார், திரையில் கோல் விழுந்தது. முந்திரி ஒரு கணம் தலையைத் திருப்பினார். திரும்பிப் பார்த்தால் மேலாளரின் மீசையில் பாதியைக் காணோம். நல்ல மனிதர், "சரி, மிச்சத்தையும் எடுத்துருப்பா" என்று சொல்லிவிட்டார். மறுநாள் வங்கியில் அவரைப் பார்த்து, "மேனேஜர் எப்போ வருவாரு?" என்று இரண்டு பேர் கேட்டார்களாம்.

சவரம் செய்கிறவனுக்குக் கண் அடுத்தவன் கழுத்தில் இருக்க வேண்டும். காது சும்மாதானே இருக்கிறது! டிவி வீட்டுக்குப் போனது, ரேடியோ கடைக்கு வந்தது. பவுடர் டப்பாவுக்கும் படிகாரக் கல்லுக்கும் நடுவில், ஏரியலை ஜன்னல் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழைய ரேடியோ. அதிலிருந்து கோல் என்ற சொல் வந்ததும் முந்திரி கத்தியை மேலே தூக்கிக்கொண்டு போடுகிற சத்தம் இருக்கிறதே, தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அடுத்த கடை தையல் கடை. தையல்காரர் வேறு யாருமில்லை, வீட்டுக்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி, முந்திரிக்கு மச்சான். இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து, "மருந்து சாப்பிட்டீங்களா மாமா?" என்று கேள்வி வரும். மச்சான் கடையில் டிவி உண்டு. மேட்ச் நடக்கும்போது அவர் கத்தரியையும் மிஷினையும் தொடமாட்டார், பொத்தான் மட்டும்தான் தைப்பார். ஊசிக்கு ஒரு கண்ணாடி, டிவிக்கு ஒரு கண்ணாடி. ஒன்று மூக்கில் இருந்தால் மற்றது நெற்றியில் இருக்கும். அவர் கண்ணாடி மாற்றுவதற்குள் கோல் விழுந்துவிடும் என்பது தெருவில் பழகிய கேலி.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டிவியும் ரேடியோவும் ஒரே சமயத்தில் கத்தும், சுவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகக் கூச்சல் எழும். மச்சான் கூரைமேல் குடை ஆன்டெனா மாட்டிய பிறகுதான் வந்தது வினை. இந்தப் பக்கம் முந்திரி, "கோல்!" என்று குதிப்பார். அந்தப் பக்கத் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும். மச்சான் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், திரையைப் பார்ப்பார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள். ஏழெட்டு நொடி கழித்து அவர்களுக்கும் கோல் விழும். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை நடத்தும் அம்மா செல்போனில் பார்ப்பவர். எல்லாரும் அடங்கி, அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகு அவர் தனியாக, "ஐ, கோல்!" என்பார். ஒரே கோலுக்கு அந்தத் தெருவில் மூன்று கொண்டாட்டம்.

மச்சானுக்கு முதலில் சந்தேகம். "மாமா வேணும்னே ஏதோ பண்றாரு" என்று அக்காவிடம் புகார் சொன்னார். முந்திரிக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. என்ன ரேடியோ பார் நம்ம ரேடியோ, என்று அதற்குப் பவுடர் துணியால் தினமும் ஒரு துடைப்பு. இந்த மர்மத்தை உடைத்தவர் ஒளிபரப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு இன்ஜினியர். மாதம் தவறாமல் வரும் வாடிக்கையாளர்.

"இதுல மந்திரம் ஒண்ணும் இல்லீங்க. படம்னா மூட்டை பெரிசு" என்று நுரைக்குள்ளிருந்து அவர் சொன்னார். "மைதானத்துல கேமரா எடுக்கிறதை அப்படியே அனுப்ப முடியாது. நல்லா மடிச்சு, அமுக்கி, சின்னதாக் கட்டி, ஆகாசத்துல இருக்கிற செயற்கைக்கோளுக்கு ஏத்தணும். அது கீழ எங்க நிலையத்துக்கு வரும். நாங்க பிரிச்சு, ஸ்கோர் எழுதி, மறுபடி மடிச்சு மேல ஏத்துவோம். அப்புறம்தான் உங்க மச்சான் குடையில வந்து விழும். அவரு பெட்டி அதை உக்காந்து பிரிக்கணும், சுருக்கம் எடுக்கணும். ஒவ்வொரு எடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் போகும்."

"அப்போ என் ரேடியோ?"

"குரல் சின்னப் பொட்டலம், சட்டுனு வந்து சேர்ந்துடும். அதுவும் இது பழைய ரேடியோ, மடிக்கிறது பிரிக்கிறது எதுவும் கிடையாது. டவர்ல ஏறினா நேரா உங்க அலமாரிதான்."

"அந்தச் செல்போன் அம்மா?"

"அவங்க பாவம். இன்டர்நெட்ல துண்டு துண்டா வரும். நடுவுல அறுந்துடக் கூடாதேன்னு கொஞ்சத்தைச் சேர்த்து வச்சுக்கிட்டுத்தான் காட்டவே ஆரம்பிக்கும்."

இன்ஜினியர் எழுந்து போவதற்குள் இந்த விளக்கம் தெரு முழுவதும் பரவிவிட்டது. யார் பரப்பினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

மச்சான் ஒரு வழி கண்டுபிடித்தார். புத்தம்புது டிஜிட்டல் ரேடியோ ஒன்றை வாங்கி வந்து மாமாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அது டிவியைவிடத் தாமதம் என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டுதான் வாங்கினார் என்பது முந்திரிக்குத் தெரியாது. அந்த வார மேட்ச்சில், சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டாடி முடித்த பிறகு, இந்தப் பக்க ரேடியோ, "இதோ, பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுகிறார்..." என்று ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சேதி முந்திரிக்கு இரண்டாவதாகக் கிடைத்தது. ஆறிப்போன டீயைக் குடித்தவர் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றார். இடைவேளையில் அதைக் கழற்றி வீட்டுச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, பழையதைத் தூசி தட்டி எடுத்துவைத்தார்.

இதுவரைக்கும் எல்லாம் விளையாட்டுதான். விளையாட்டு வினையானது மச்சானின் மகளால்.

அந்தப் பெண்ணுக்கு நாலு வயதாக இருக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அதற்குப் பிறகு அவள் பாதி அப்பா வீட்டில், பாதி அத்தை வீட்டில் வளர்ந்தாள். முந்திரிக்குக் குழந்தை கிடையாது. அவள்தான் அவருக்கு மகள், மருமகள், எல்லாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைகளின் பின்சுவரில் பந்தை உதைப்பாள். எப்போதும் கீழ்மூலை, இடது கைப்பக்கம். அந்த மூலையில் சாந்து பெயர்ந்து விழுந்துகொண்டே இருக்கும். முந்திரி சிமெண்டைக் குழைத்துப் பூசுவார், அவள் பெயர்ப்பாள், அவர் பூசுவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "ஒழுங்கா அடி மருமகளே, சுவர் நம்முதுதான்" என்பார். அப்படி உதைத்து உதைத்தே அவள் நாட்டு அணிக்குப் போய்விட்டாள்.

அணியில் சேர்ந்து அவள் போட்ட முதல் கோல். மைதானம் கடல் தாண்டி இருந்தது. மச்சான் காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் மகள் எங்கோ ஓரத்தில் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது சுவரைப் பிளந்துகொண்டு வந்தது சத்தம்: "போட்டுட்டாடா! நம்ம பொண்ணு போட்டுட்டாடா!"

மச்சான் நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். மகளிடம் பந்து வந்தது, ஓடினாள், அடித்தாள், விழுந்தது. எல்லாரும் எழுந்து குதித்தார்கள். அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

மாலையில் சலூன் வாசலுக்கு வந்தார். "பொண்ணு மொதல் கோல் மாமா" என்றார். "என் கண்ணால பாக்கணும்னு அத்தனை ஆசை. நான் பாக்கிறதுக்கு முன்னாடியே அது எனக்குப் பழசாயிடுச்சு." அப்படியே திரும்பித் தன் கடைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட முந்திரி சமாளித்திருப்பார். அன்றிலிருந்து மச்சான் முகம் கொடுத்துப் பேசவில்லை. சுவருக்கு அப்பால் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். முந்திரி வேண்டுமென்றே பலமாகத் தும்மிப் பார்த்தார், மருந்து சாப்பிட்டீங்களா என்று யாரும் கேட்கவில்லை. அது அவரை ரொம்பவே உலுக்கிவிட்டது.

அணி இறுதிப்போட்டிக்குப் போன சேதி வந்தபோது வீட்டுக்காரம்மா இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தார். "கடையைச் சாத்திட்டு நீங்களும் அங்க வந்து டிவி பாருங்க" என்றார் கணவரிடம்.

"வேணாங்க்கா" என்றார் மச்சான். "பக்கத்துல உக்காந்தா ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டுத்தான் உக்காருவாரு. அந்தப் பக்கமே இருக்கட்டும். வாயைத் திறக்காம இருந்தாப் போதும்."

"திறக்க மாட்டேன் மச்சான். உங்க அக்கா தலைமேல சத்தியம்!"

"ஏன், சத்தியம் பண்ண என் தலைதான் கிடைச்சுதா?" என்றார் வீட்டுக்காரம்மா.

மச்சான் சிரிக்கவில்லை. "இந்த ஒரு மேட்ச் மாமா. இதை மட்டும் எனக்கு விட்டுக்குடுங்க" என்றார்.  மச்சான் தன்னிடம் எதையும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் முந்திரிக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சலூனில் நிற்க இடமில்லை. முந்திரி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். "கேக்கலாம், குதிக்கலாம், அழலாம். சத்தம் மட்டும் வரக்கூடாது. வந்துச்சு, பாதித் தலையோட வெளிய தள்ளிடுவேன்." ரேடியோவைக் கிசுகிசு அளவுக்குக் குறைத்தார். நாற்காலியில் இன்ஜினியர். வீட்டுக்காரம்மா மச்சான் கடையில், டிவிக்கு முன்னால்.

நல்லபடியாகத்தான் தொடங்கியது. ஆனால் எதிரணி கோல் போட்டபோது முந்திரியின் வாயிலிருந்து, "ஐயய்யோ!" என்று ஒரு சத்தம் தானாக வழுக்கி விழுந்தது. உடனே அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் அளவுக்கட்டையால் சுவரில் நாலு தட்டு. வீட்டுக்காரம்மாவின் தட்டு அது, கேட்டாலே தெரியும். இரண்டாம் பாதியில் நம் அணியில் வேறொரு பெண் பதிலுக்கு ஒரு கோல் போட்டாள். "கோ..." என்று கிளம்பியதைப் பாதியில் கையால் பொத்தினார். பொத்தி என்ன பிரயோஜனம்? போனது போனதுதான். "நான்தான் சொன்னேனே, அந்த ஆளால முடியாது" என்று மச்சான் யாரிடமோ சொன்னது இங்கே தெளிவாகக் கேட்டது.

முந்திரிக்கு அவமானமாகிவிட்டது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். ரேடியோக்காரரின் குரல் உயர்ந்தது. பெனால்டி. நம் அணிக்கு. யார் அடிக்கப் போகிறார்கள்? பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாள் நம் வீட்டுப் பெண்.

 முந்திரி சவரக்கத்தியை மடித்து மேஜைமேல் வைத்தார். இன்ஜினியரின் ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது, அவரும் ஏன் என்று கேட்கவில்லை. பந்தை வைக்கிறாள். பின்னால் நகர்கிறாள். விசில். ஓடி வருகிறாள்...

ரேடியோக்காரர் அலறினார். கோல். கீழ்மூலை, இடது பக்கம்.

முந்திரியின் அடிவயிற்றிலிருந்து சத்தம் கிளம்பிவிட்டது. நெஞ்சைத் தாண்டிவிட்டது. தொண்டைக்கு வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கி, அப்படியே வாய்க்குள் திணித்துக்கொண்டார். காலையிலிருந்து எத்தனை முகம் துடைத்த துண்டோ, சோப்பு நாக்கில் எரிந்தது. கண் பிதுங்கியது. சுவர் பக்கத்திலேயே நின்றால் துண்டையும் மீறி வந்துவிடும் என்று பயந்து, வாடிக்கையாளர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

அங்கே, தையல் கடையிலிருந்து மச்சான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்.

முந்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே டிவியில் பொண்ணு இப்போதுதான் பந்தை வைத்திருப்பாள், இந்த ஆள் இங்கே என்ன செய்கிறார்? "ம்ம்! ம்ம்ம்!" என்றார். கையை ஆட்டிக் கடையைக் காட்டினார். உள்ளே போ, போய்ப் பார், என்று தோளைப் பிடித்துத் தள்ளினார். கண்களில் தாரைதாரையாகத் தண்ணீர்.

மச்சான் அந்தக் கண்ணீரைப் பார்த்தார். அவ்வளவுதான், உடைந்துபோனார். "விடுங்க மாமா. தெரிஞ்சுபோச்சு. நீங்க அழாதீங்க" என்று மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "பொண்ணு அங்க தனியா என்ன பாடுபடுறாளோ."

"ம்ம்ம்ம்!" என்று முந்திரி தலையைத் தலையை ஆட்டினார். ஆட்ட ஆட்ட மச்சானின் பிடி இறுகியது. ஐயோ, விடுடா, போடா உள்ளே! ஒரு வார்த்தை சொன்னால் போதும், துண்டை எடுத்தால் போதும். ஆனால் சொல்லிவிட்டால் இந்தக் கோலும் அவனுக்குப் பழசாகிவிடும். முந்திரி துண்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் அதைவிட நீளமான நொடிகள் இருந்ததில்லை.

தையல் கடை வெடித்தது. உள்ளேயிருந்து ஒரே கூச்சல், நாற்காலி உருளும் சத்தம், வீட்டுக்காரம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே.

மச்சான் மெதுவாகப் பிடியைத் தளர்த்தினார். மாமாவின் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். வாய் நிறைய துண்டு, அதற்குப் பின்னால் காது வரைக்கும் சிரிப்பு. முந்திரி துண்டை உருவினார்.

"நான் சொல்லல மச்சான்! உங்க அக்கா தலைமேல சத்தியமா நான் சொல்லல!"

"கோலா மாமா?"

"சொல்ல மாட்டேன்! நீயே போய்ப் பாரு!"

மச்சான் உள்ளே ஓடினார். திரையில் மகளை அணியே தூக்கிக்கொண்டிருந்தது. கோல் விழுந்து முடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்ச்சாரியிலிருந்து மருந்துக்கடை அம்மா, "ஐ, கோல்! உங்க பொண்ணுதான்!" என்று கை தட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

அப்புறம்தான் விஷயம் வெளிவந்தது. "நீங்க வாயை மூடி நான் பாத்ததே இல்லையே மாமா!" என்றார் மச்சான். "சத்தியத்தை ரெண்டு தடவை விட்டுட்டீங்க. பொண்ணு பந்தை வச்சதும் என் காது சுவத்துலதான் இருந்துச்சு. கோல்னா இந்நேரம் கத்தியிருப்பீங்க. கத்தல. அப்போ போச்சு. அவ தவறவிடுறதைப் பாக்க மனசு வரல, எந்திரிச்சு வந்துட்டேன்."

"நல்ல புருஷன், நல்ல தம்பி!" என்றார் வீட்டுக்காரம்மா. "ஒருத்தர் ஆயுசுல ஒரே ஒரு தடவை வாயை மூடினாரு, அதை இன்னொருத்தன் நம்பல. உங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் செய்ய?"

முந்திரி சிரித்தார்.  ஆனால், கத்தினாலும் கெடுத்தேன், கத்தாமலும் கெடுத்தேன், என் ராசி அப்படி, என்று நினைத்துக்கொண்டார். ஒரு அப்பன் தன் பெண் நாட்டுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்ததைப் பார்க்காமல் தெருவில் நின்றதற்கு நான்தானே காரணம்?

மாலையில் மகளிடமிருந்து போன். வீட்டுக்காரம்மா ஸ்பீக்கரில் போட்டார். எடுத்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா, பாத்தீங்களா?"

முந்திரியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, உங்கப்பன் தெருவில் நின்றான் என்று. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரே நாளில் இரண்டாம் முறை.

மச்சான் போன் பக்கம் குனிந்தார். "திரும்பத் திரும்பக் காட்டினாங்கம்மா, அதுல பாத்தேன்" என்றார். "மொதல்ல பாத்தது உங்க மாமா மொகத்துல."

"மாமா கத்திட்டாரா?"

"இல்லம்மா. நான் பாக்கணுமேன்னு வாயில துண்டை அடைச்சுக்கிட்டு தெருவுல நின்னாரு."

 "மாமாவா? கத்தலையா? உடம்புக்கு என்ன பண்ணுது? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றாள். வீடே சிரித்தது. "மாமாகிட்ட குடுங்க. மாமா, நம்ம சுவத்து மூலைதான். கண்ணை மூடிக்கிட்டு அங்கேயே அடிச்சேன்."

தெருவுக்கே சேதி சொல்கிற மனுஷருக்கு அப்போது பெருமையில் ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. "மருமகளே" என்றார். போனை மனைவியிடம் நீட்டிவிட்டுத் துண்டைத் தேடினார்.

இதற்குப் பிறகு முந்திரி திருந்திவிட்டதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த மேட்ச் அன்று ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு ஊமை மாதிரி நின்று முடிவெட்டினார். கொஞ்ச நேரம் போயிருக்கும், சுவரில் தட்டும் சத்தம்.

"மாமா! என்ன, சத்தத்தையே காணோம்?"

"கத்தக் கூடாதுன்னு இருக்கேன் மச்சான்."

"யாரு கத்த வேணாம்னது? அமைதியா இருந்தா எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது. அவ கால்ல பந்து வர்ற ஒவ்வொரு தடவையும் உசுரு போயி உசுரு வருது, திரையைப் பாக்கவே முடியல. எதுவா இருந்தாலும் கத்தித் தொலைங்க!"

கேட்க வேண்டுமா? பின்பாதியில் ரேடியோ அலறியது. முந்திரி கத்தியைத் தூக்கிக்கொண்டு, அடக்கி வைத்திருந்த அத்தனையும் சேர்த்துக் கத்தினார்: "போட்டுட்டாடா! நம்ம பொண்ணு போட்டுட்டாடா!"

கத்திவிட்டு, நாற்காலியில் இருந்தவரிடம், "இதோ வந்துட்டேன் சார், அசையாதீங்க" என்று சொல்லி, கத்தியை வைத்துவிட்டு ஓடினார். மச்சான் கடை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் இருந்தது. மச்சான் பதறாமல் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். பொத்தானை டப்பாவில் போட்டார். மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றினார், நெற்றியில் இருந்ததை எடுத்துச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க மாமா, உக்காருங்க" என்றார். "இப்போ வருவா பாருங்க."

முந்திரி உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள்.